பூசைக்குத் தேய்த்த தகடுகள்

பாப்பா,

போன செவ்வாய்க்கிழமை கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு காதுகுத்துக்குப் போகலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஏறி உட்கார்ந்த பஸ் கிளம்பவில்லை. டிரைவர் முடுக்க முடுக்க ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிப்போனது. “பூத்துப் போச்சு போலருக்குது, பாயக் கூப்புடு” என்று கண்டக்டரிடம் கத்தினார். எதிரே பேட்டரிக் கடை வைத்திருக்கும் பாய் ஒரு குவளை வெந்நீரோடு வந்து, பேட்டரி முனைகளில் படிந்திருந்த வெள்ளையின் மேல் ஊற்றினார். சுர்ரென்று ஆவி கிளம்பியது. அதோடு அந்த வாசனையும் வந்தது. நீ லீவுக்கு வரும்போதெல்லாம் உன் சேலையோடு வீட்டுக்குள் வருமே, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும் புளித்த வாசனை, அதேதான். என்னால் உட்கார முடியவில்லை. இறங்கிவிட்டேன்.

பாய் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நீ போய் ஐந்து மாதம் ஆனபிறகும் அவருக்குத் துக்கம் இருக்கிறது. “அல்லா நல்லவங்களத்தான் சீக்கிரம் கூப்புடுறான்” என்றார். பிறகு, அழுத முகத்தோடு நின்ற எனக்கு ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே கேட்டார்:

“பூசைக்கு பிளேட்டையெல்லாம் பளபளன்னு தேய்ச்சு வச்ச அண்ணி நீங்கதான?”

“யாரு சொன்னது உங்களுக்கு?” என்றேன்.

“அவங்கதாம்மா. அந்தப் பொங்கலப்பவே சொன்னாங்களே. ‘எங்க அண்ணி தேய்ச்சிட்டாங்க பாய், அவங்க கை அப்படி, அழுக்கு இருந்தாத் தாங்காது. வேற வண்டி பாத்துக் குடுங்க’ன்னு கேட்டாங்க. நான் அந்த வருசம் பூரா நெனச்சு நெனச்சுச் சிரிச்சேன்.”

காதுகுத்துக்குப் போகவில்லை. வெயிலில் வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஆறு வருஷமாக உனக்குத் தெரிந்திருக்கிறது. உனக்குத் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. ஊருக்கு எழுத வேண்டியிருந்தால்கூட நான் சொல்ல நீ எழுதுவாய். உனக்கு எழுத வேண்டியதை யாரிடம் சொல்லி எழுதச் சொல்வது? நானே எழுதுகிறேன்.

நான் இந்த வீட்டுக்குக் கல்யாணம் ஆகி வந்தபோது உனக்குப் பதினொரு வயது. உன் அம்மா இல்லை; அப்பாவும் அடுத்த வருஷமே போய்விட்டார். உன் அண்ணனுக்கு ஜங்ஷனில் ரயில்வே வேலை. எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதனால் நீ காலேஜ் போன பிறகும் இந்த வீட்டில் பாப்பாதான். உன் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

வந்த புதிதில் ஒருநாள் நீ அரிவாள்மனையில் உட்கார்ந்து உன் அண்ணனுடைய டார்ச் லைட்டின் தீர்ந்துபோன பேட்டரிக் கட்டையை அறுத்துக்கொண்டிருந்தாய். தரையெல்லாம் கறுப்பு மாவு. உன் பாவாடையெல்லாம் கறுப்பு.

“ஏ பாப்பா, செத்துப் போனத எதுக்கு அறுக்குற?”

“ஏன் செத்துச்சுன்னு பாக்க வேண்டாமா அண்ணி?”

“பாத்தா எழுந்து வந்துருமா?”

“அடுத்தது சாவாம இருக்கும்ல.”

நான் முதுகில் ஒன்று போட்டு, அரிவாள்மனையைப் பிடுங்கிக் கழுவினேன். அன்றைக்கும் கழுவினேன், பார்த்தாயா. நீ கெட்டதைப் பிரித்துப் பார்ப்பாய். நான் கழுவி வைத்துவிடுவேன். நம் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தது எல்லாமே இதுதான்.

என் வேலையும் அதுதானே. பீங்கான் கம்பெனியில் எனக்கு அடி துடைக்கும் வேலை. ஜாடியோ ஃபியூஸ் கட்டையோ, மேலே மெருகுக் கலவை பூசினதும் அடிப்பாகத்தை ஈரப் பஞ்சால் சுத்தமாகத் துடைத்துத் தர வேண்டும். துளி இருந்தாலும் சூளைக்குள் உருகிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். காயவைத்த சாமானில் உப்பு பூத்திருந்தால் அதையும் தேய்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேஸ்திரி, “இதென்னா சாமானா, சொறி புடிச்ச நாயா?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். பன்னிரண்டு வருஷம் அந்த வேலை செய்த கை இது. வெள்ளையாக எது படிந்திருந்தாலும் அது குறை என்றுதான் இந்தக் கைக்குத் தெரியும்.

நீ எம்.எஸ்ஸி. முடித்து மெட்ராசில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, எதைப் பற்றி என்று எல்லாரும் கேட்டார்கள். “பேட்டரி எப்படிக் கெட்டுப் போவுதுன்னு” என்று நீ சொன்னாய். பக்கத்து வீட்டுக்காரி, “இதுக்கு எதுக்கும்மா மெட்ராசு? பஸ் ஸ்டாண்டுல பாய்கிட்ட கேட்டா ஓசியிலயே சொல்லிருவாரே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்புறம் நிஜமாகவே பாய் கடைக்குத்தான் போனாய்.

ஒரே வாரத்தில் ஆறு வண்டிக்கு ஆறு புது பேட்டரி பாய் மாட்டினார். ஒன்று வேப்பூர் வழியாகத் தினமும் திருச்சிக்குப் போகும் லாரிக்கு. ஒன்று கருவேப்பிலங்குறிச்சியில் அறுப்புக்கு மட்டும் எடுக்கிற டிராக்டருக்கு. மற்றவை இப்படி நடுவில். எது எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் சும்மா நின்றது என்று பாய் நோட்டில் எழுதி வைத்தார். இரண்டு வருஷம் அதற்காகக் காத்திருந்தாய். ஓடிக் கெட்டதற்கும் கிடந்து கெட்டதற்கும் உள்ளே என்ன வித்தியாசம் என்று பார்ப்பதுதான் உன் படிப்பு என்று எனக்கு நீ சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

“எது அண்ணி அதிகம் கெடும், சொல்லுங்க பாப்பம்?”

“ஓடுறதுதான். நான் ஓடி ஓடித்தான் கெட்டுப் போனேன்.”

“அதான் இல்ல. சும்மா கெடக்குறதுதான் அதிகம் கெடும். உள்ள வெள்ளையா உப்பு பூக்கும். அன்னன்னைக்குச் சார்ஜ் போட்டா கரைஞ்சு போயிடும். போடாம வுட்டா வளந்து கல்லு மாதிரி ஆயிடும். அப்புறம் என்ன பண்ணாலும் கரையாது.”

நான் உம் கொட்டினேன். காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த இரண்டு வருஷம் முடிந்து, நவராத்திரிக்கு நடுவில் நீ வந்தாய். பாய் கடையில் ஆறு பேட்டரியையும் உடைத்து, ஒன்றுக்கு ஒரு ஈயத் தகடு என்று ஆறு எடுத்து, தண்ணீரில் அலுங்காமல் முக்கி எடுத்துக் கொண்டுவந்தாய். மீதியை உருக்குகிறவர்கள் அன்றைக்கே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளறையில் மரப்பலகை போட்டு, பேப்பர் விரித்து, ஒவ்வொரு தகட்டின் கீழும் சீட்டு எழுதி வைத்து நிழலில் காயவிட்டாய். சாம்பல் நிறத் தகட்டில் திட்டுத் திட்டாக வெள்ளை.

“இத எடுத்துட்டுப் போயி என்னா பண்ணுவ?”

“பெங்களூர்ல எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புன்னு ஒரு மெஷின் இருக்குது அண்ணி. நாலு மாசமா வரிசையில நிக்கிறேன். ஒரு நாள் காலையில மட்டும் எனக்குக் குடுத்துருக்காங்க.”

“பூதக்கண்ணாடியா?”

“அது வெளிச்சத்துல பாக்குறது. இது வெளிச்சமே இல்ல. காத்தில்லாத பொட்டிக்குள்ள வச்சு, மேல எலக்ட்ரான வீசுவாங்க. அது பட்டுத் தெறிக்கிறத வச்சுப் படம் எடுக்கும்.”

“இருட்டுல கையால தடவிப் பாக்குற மாதிரியா?”

நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். “அண்ணி, எங்க சார்கூட இப்படி அழகாச் சொல்லல” என்றாய். அந்த ஒரு வார்த்தைக்கு நான் நாள் முழுவதும் தரையில் நடக்கவில்லை. அப்புறம், உள்ளே வைக்கும் முன்னால் துண்டின் மேல் மெல்லிசாகத் தங்கம் பூசுவார்கள் என்று சொன்னாய்.

“அடியே, என் காதுல பித்தளை கெடக்குது. உன் அழுவிப் போன ஈயத்துக்குத் தங்கமா?”

“தலமுடியில ஆயிரத்துல ஒரு பங்குகூட இருக்காது அண்ணி. சுரண்டி உங்களுக்குத் தோடு பண்ண முடியாது.”

மறுநாள் மெட்ராசிலிருந்து தந்தி வந்தது. பெங்களூர் போவதற்குக் கையெழுத்துப் போட உடனே வரச் சொல்லி உன் புரொபசர் அனுப்பியிருந்தார். பத்து நாளில் வருகிறேன் என்று ரயிலைப் பிடிக்க ஓடினாய். வாசலில் நின்று, “அண்ணி, பிளேட்டத் தொடாதீங்க. விஷம்” என்றாய். விஷம் என்றுதான் சொன்னாய். வெள்ளை உனக்கு வேண்டும் என்று சொல்லவில்லை. எத்தனையோ நாள் இதைப் பிடித்துக்கொண்டு என்னை நானே விட்டுவிடப் பார்த்திருக்கிறேன். ஆனால் தொடாதே என்பதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா?

ஆயுத பூசை வந்தது. உன் அண்ணனின் கைவிளக்கையும் டார்ச் லைட்டையும் துடைத்தேன். அரிவாள்மனை, என் பஞ்சு, அடி சீவும் கத்தி, உன் புத்தகங்கள் எல்லாம் எடுத்து வைத்தேன். உன் ஆயுதம் எது என்று யோசித்தேன். அந்தத் தகடுகள்தான். சொறி பிடித்த மாதிரி வெள்ளைத் திட்டோடு இருப்பதைச் சாமி முன்னால் எப்படி வைப்பது? பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்ப்பாள். ‘உங்க நாத்தனா படிக்கிற படிப்பு இதானா’ என்று கேட்பாள். அன்பால்தான் தேய்த்தேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அன்பு இருந்தது. அதற்குச் சமமாகப் பவுசும் இருந்தது. புளியும் செங்கல் தூளும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். அத்தனை சுலபமாகப் போகவில்லை, டிராக்டர் தகட்டில் ரொம்ப நேரம் ஆனது. ஆறும் புதுசு மாதிரி மின்னியது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தேன். சீட்டு மாறாமல் அந்தந்த இடத்தில் வைத்தேன். அந்தப் பெருமை வேறு.

மூன்றாம் நாள் உன் கார்டு வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். “அண்ணி, அவசரத்தில் சொல்ல மறந்துவிட்டேன். தகட்டில் பூத்திருக்கும் வெள்ளை உதிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்கத்தான் பெங்களூர் போகிறேன்.”

அன்றைக்கே எழுதியிருக்கலாம். ‘தேய்த்துவிட்டேன் பாப்பா’ என்று ஒரு வரி போதும். நீ அழுதிருப்பாய், திட்டியிருப்பாய். பெங்களூர் நாளைத் தள்ளிப் போட்டிருப்பாய். அவ்வளவுதான். எனக்கு உன் முகம்தான் கண்ணில் வந்தது. இருட்டில் தடவிப் பார்க்கிற மாதிரியா என்று கேட்டபோது என்னைப் பார்த்தாயே, அந்த முகம். அது மாறிவிடும். ‘படிக்காதவளிடம் விட்டுப்போனது என் தப்பு’ என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து வெள்ளைக் களிமண் ஒரு பிடி முந்தானையில் முடிந்து கொண்டுவந்தேன். பால் பதத்துக்குக் கரைத்து, எந்தத் தகட்டில் எங்கே வெள்ளை இருந்தது என்று நினைவுபடுத்தி, பஞ்சால் ஒற்றி ஒற்றி வைத்தேன். டிராக்டர் தகட்டில் கொஞ்சம் தடிப்பாக. லாரித் தகட்டில் லேசாக. காய்ந்ததும் ஊதிப் பார்த்தேன், உதிரவில்லை. வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது பாப்பா. மேஸ்திரி பார்த்திருந்தால்கூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

நீ வந்து பலகையின் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாய். நான் அடுப்படியில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். “கோயில்ல வச்ச மாதிரி வச்சிருக்கீங்க அண்ணி. வேற யார நம்பி வுட்டுட்டுப் போவேன் நான்?” என்று பின்னால் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். அந்தக் கை இன்னும் கழுத்தில் இருக்கிறது.

பொங்கலுக்கு நீ வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. சாப்பிட உட்கார்ந்ததும் நீயே சொன்னாய். முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். படத்தில் ஆறு மூலையோடு சின்னச் சின்னத் தட்டுகள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி வந்ததாம். பேட்டரியில் யாரும் அப்படிப் பார்த்ததில்லையாம். புது விஷயம் என்று புரொபசர் துள்ளினாராம். எல்லாத் துறைக்காரர்களையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டு உன்னைப் பேசச் சொன்னாராம். நீ பேசி முடித்ததும் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்தும் வயதானவர் ஒருத்தர் எழுந்து, “அம்மா, உனக்கு எந்த ஊரு?” என்று கேட்டாராம்.

“விருத்தாசலம்னேன். ‘அதானே பார்த்தேன், இது பேட்டரி இல்லம்மா, உங்க ஊரு பீங்கான் மண்ணு’ன்னாரு அண்ணி. அவ்வளவு பேரும் சிரிச்சாங்க.”

நீ சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரிப்பு பாதியில் அழுகையானது. உன் அண்ணன், “ஊரெல்லாம் அந்தத் தூசிதான, காத்துல வந்து ஒட்டியிருக்கும்” என்றார். நான் குழம்பை ஊற்றினேன். உனக்கு ஊற்ற வேண்டியதை உன் அண்ணன் இலையில் ஊற்றினேன்.

சாப்பிட்டபின் நீ படங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாய். ஒரு படத்தைக் காட்டினாய். மண் அடுக்கு ஒரு ஓரத்தில் பெயர்ந்திருந்தது. அதற்குக் கீழே கோடு கோடாக, ஏர் ஓட்டின வயல் மாதிரி, ஒரே பக்கமாகச் சாய்ந்த கோடுகள். என் கை அந்தப் பக்கம்தான் சாயும். எத்தனை ஆயிரம் மடங்கு பெரிதாக்கினதோ, அந்த மெஷின் என் கையைப் படம் பிடித்துக் கொண்டுவந்திருந்தது.

“அண்ணி, ஒண்ணு கேப்பேன், கோச்சுக்கக் கூடாது. இதத் தேய்ச்சீங்களா?”

“என்னாத்த?”

“தேய்ச்சிருந்தாலும் பரவால்ல அண்ணி. சத்தியமா கோவம் இல்ல. ஆனா எனக்குத் தெரியணும். நானே மண்ணு பூசிப் புதுசு கண்டுபுடிச்சேன்னு ஏமாத்தப் பாத்ததாப் பேசிக்கிறாங்க. எப்படி நடந்துச்சுன்னு சார்கிட்ட எழுதிக் குடுத்துட்டா என் பேரு நிக்கும்.”

நீ கேட்டது இவ்வளவுதான். எவ்வளவு சின்னக் கேள்வி. ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை. நீ கையில் பேனாகூட வைத்திருந்தாய்.

நான் கரண்டியைத் தூக்கிப் போட்டேன். “தற்குறிதான இருக்குறா, அவ தலையில போட்டுரலாம்னு வந்தியா? விஷம்னு நீ சொன்ன சாமான நான் ஏன் தொடுறேன்? உனக்குத் தலவாரி பொங்கிப் போட்ட கையி இது. மெட்ராசு போனதும் இந்தக் கை திருட்டுக் கையாப் போயிருச்சா?” என்று ஊர் கூடுகிற மாதிரி கத்தினேன். கத்தக் கத்த எனக்கே அது நிஜம் மாதிரி ஆனது. அழுகையும் நிஜமாக வந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. பொய்க்காக அழுத கண்ணீரும் சூடாகத்தான் இருந்தது.

உன் அண்ணன் உள்ளே வந்தார். “படிச்ச திமிரா? யாரப் பாத்து என்னா கேக்குற?” என்று உன் கன்னத்தில் அறைந்தார். உன்னை அவர் சின்ன வயதில்கூட அடித்ததில்லை. நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு கிட்டே வந்து, என் கையைப் பிடித்து, “மன்னிச்சிருங்க அண்ணி. நான் கேட்டது தப்பு” என்றாய். நான் “சரி வுடு” என்றேன்.

மன்னித்தேன் பாப்பா. உன்னை நான் மன்னித்தேன்.

மெட்ராசு போய் உன் சாரிடம் என்ன எழுதிக் கொடுத்தாய் என்று பிறகுதான் சொன்னாய். உன்னுடைய கவனக்குறைவுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாய். வேறொரு நாள், “இனிமே நான் பிளேட்டு எடுக்குறப்ப பக்கத்துல ஒருத்தர் நின்னு பாக்கணுமாம் அண்ணி, போலீஸ்காரன் மாதிரி” என்று வேடிக்கையாகச் சொன்னாய். நானும் சேர்ந்து சிரித்தேன். பாய் மறுபடி ஆறு வண்டி பார்த்தார். மறுபடி இரண்டு வருஷம். அதன்பிறகு நீ ஒரு தகட்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. லீவுக்கு வந்தாய், தலைவாரிக்கொள்ள என் முன்னால் உட்கார்ந்தாய், எப்போதும் போலப் பேசினாய். எனக்குச் சந்தேகம் வரும்படி ஒரு முகம்கூட நீ காட்டவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். மறந்தது இல்லை அது. என்னைக் காப்பாற்றியிருக்கிறாய்.

டாக்டர் பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூளைக் காய்ச்சல் என்று தந்தி வந்து நாங்கள் மெட்ராசு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது, இரண்டாம் நாள் மத்தியானம் உனக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. “அண்ணி, உங்க கை சில்லுன்னு இருக்குது. நெத்தியில வைங்க” என்றாய். வைத்தேன். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. பார்வை நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் என்று நர்சிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். நான் கேட்கவில்லை. மணி அடித்தது எனக்கு நல்லதாகப் போயிற்று என்று அப்போது தோன்றியது. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பாய் இன்னொன்றும் சொன்னார். அந்தப் பொங்கலுக்கு மறுநாள் நீ கடைக்கு வந்தபோது உன் கன்னம் வீங்கியிருந்ததாம். என்னம்மா என்று கேட்டதற்குப் பல் வலி என்றாயாம். கிராம்பு வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லித் தன் வீட்டிலிருந்து வாங்கிக் கொடுத்தாராம். நீயும் வாங்கிக் கடித்துக்கொண்டாயாம்.

பாய் இதையெல்லாம் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் உன் அண்ணன் டூட்டி முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்றுகூட நான் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் மறுபடி விட்டுவிடுவேன். எல்லாவற்றையும் சொன்னேன். புளி, செங்கல் தூள், களிமண், உன் கார்டு, எதையும் விடவில்லை. அவர் பிசைந்த சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்.

“அப்ப பாப்பா கேட்டது நெசமா?”

“நெசம்தான்.”

“அவ மேல தப்பே இல்லியா?”

“இல்ல.”

அவர் கையை எடுத்துப் பார்த்தார். சோறு ஒட்டின கையை அப்படியே வெகுநேரம் பார்த்தார். எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வெளியே போனார். நேற்றுக் காலை, வேலைக்குக் கிளம்பி, வாசல்வரை போய்த் திரும்பி வந்து ஒன்றுதான் கேட்டார்.

“என்ன ஏன்டி அவள அடிக்க வுட்ட?”

உன்னைக் கெடுத்தேன் என்று மட்டும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் கையையும் கெடுத்துவிட்டேன் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. இனி சாகும்வரை அந்தக் கையால்தான் அவர் சாப்பிட வேண்டும். பார்த்துக்கொண்டு நான் பரிமாற வேண்டும்.

தகடுகளைத் தேய்த்தது நான்தான். மண் பூசியதும் நான்தான். உன் கவனக்குறைவு எதுவும் இல்லை. இதை உன் புரொபசருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். காலேஜ் முகவரியை உன் பழைய கார்டைப் பார்த்து எழுதினேன். படிப்பாரா, சிரிப்பாரா தெரியாது. தபாலில் சேர்த்துவிட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய்.

உன் அண்ணி